பிரேக் மாமாவின் வலது கால்

வளைவு வருவதற்கு முன்பே அவருடைய வலது கால் அழுத்த ஆரம்பித்துவிடும். அழுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வாடகை ஸ்கூட்டரில் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற வெறும் கம்பிதான். ஓட்டுவது அவர் மனைவி. அந்த அக்கா தானாக வேகத்தைக் குறைத்தாலும், "பாத்தியா, புடிச்சேன்ல?" என்பார் இவர்.

"ஆமா, நீங்க புடிக்கலேன்னா இந்நேரம் கடல்லதான் கெடந்திருப்போம்" என்பார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பயணிகள் விடுதியில் எங்கள் எல்லோருக்கும் அவர் பிரேக் மாமா. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க ஒரே தடம்: பேருந்து நிலையத்திலிருந்து தொழிற்பேட்டை, அங்கிருந்து திரும்பவும் பேருந்து நிலையம். "எந்தக் குழி எங்க இருக்குன்னு என் முதுகுக்கே தெரியும். கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்பார். இப்போது அந்த முதுகில் ஒரு பை. அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு அக்காவுக்கு, கீழ்த் தட்டு இவருக்கு. குறட்டையில் மட்டும் இன்னும் பேருந்துதான் ஓடுகிறது.

பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற நோய் அவருக்கு. "குழாய் வழியா பாக்கற மாதிரி. அந்தக் குழாயும் சின்னதாயிட்டே வருது" என்று யாருக்கோ வந்த நோயைப் போலச் சொல்வார். குழாய் அடைபடுவதற்குள் மலையும் கடலும் சேர்ந்து வருகிற ஒரு சாலையைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகவே அக்கா இந்த வயதில் ஸ்கூட்டர் பழகியிருக்கிறார். "விழுந்து எந்திரிச்சுதான் பழகினேன். இவரு சொல்லிக் குடுத்தா விழாம என்ன செய்ய?"

வாடகைக் கடையில் மற்றவர்கள் வண்டியின் கீறல்களைப் படம் எடுப்பார்கள். மாமா டயரைக் கட்டைவிரலால் அழுத்துவார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுவார். "புது வண்டி சார்" என்றார் கடைக்காரர். "புதுசெல்லாம் சரி. நிக்குமா?"

ஓடுகிற வண்டியிலிருந்து பக்கவாட்டில் இருக்கும் கடல் அவருக்குத் தெரியாது. அதனால் சாலை அகலமான இடத்திலெல்லாம் அக்கா நிறுத்தி, வண்டியின் மூக்கைக் கடலுக்கு நேராகத் திருப்பி வைப்பார். தான் இறங்கிக்கொண்டு அவரை முன்னால் நகரச் சொல்வார். மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையை மெல்லத் திருப்பித் திருப்பிக் கடலைத் துண்டு துண்டாகப் பார்ப்பார். என் வண்டியில் பின்னால் வந்த நானும் நிறுத்திப் பார்த்தேன். மலை அப்படியே கடலுக்குள் இறங்கியது. அலை பாறையில் உடைவது தெரிந்தது, சத்தம் எட்டவில்லை. எங்கள் காலுக்குக் கீழே ஒரு மேகம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அடேயப்பா!" என்றார் மாமா. "இவ்வளவு பெரிசை வெச்சுக்கிட்டா எல்லாரும் சும்மா இருந்திருக்காங்க?"

மறுநாளும் அதே சாலை. அதற்கு மறுநாளும் அதே. அருவி இருக்கிறது, வேறு கடற்கரை இருக்கிறது என்று ஆசை காட்டிப் பார்த்தேன். "புதுசு புதுசாப் பாத்தா எல்லாம் கலந்துரும் தம்பி. ஒண்ணாவது மனசுல சரியாப் பதியட்டும்" என்றார்.

ஊர் திரும்ப வேண்டிய நாளின் காலையில், மாமா கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டினார். அக்கா வாரை இறுக்கிவிட்டார்.

"வளைவு வருதுன்னு வாயத் தொறக்கக் கூடாது" என்றார் மாமா.

"நான் எதுக்குச் சொல்றேன்? பிரேக்குதான் உங்ககிட்ட இருக்கே."

நான் அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டு பின்தொடர்ந்தேன். கால் அழுந்தும், வளைவு அதற்குப் பிறகு வரும். இடப்பக்க வளைவென்றால் முன்கூட்டியே இடப்பக்கம் சாய்ந்தார். ஒன்றை மட்டும் தவறவிட்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அக்கா வண்டியை நிறுத்தவில்லை. அடுத்த வளைவுக்குக் கால் சரியாக அழுந்தியது.

உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பாறை உண்டு. அதைத் தாண்டினால்தான் கடல் மொத்தமும் திறக்கும். பாறை இன்னும் கடலை மறைத்துக்கொண்டிருக்கும்போதே, மாமா கட்டிய கண்ணோடு முகத்தை இடப்பக்கம் திருப்பி, கடல் வரப்போகிற இடத்தை நோக்கிக் கையை நீட்டினார்.