மலைக்கு முன்னால் போன மூக்குக்கண்ணாடி

அம்மாவின் ஒரே தங்கை குலசேகரத்துக்கும் மேலே, மலைக்குள் ஒரு சிற்றூரில் இருந்தாள். தேயிலைத் தோட்டம் ஒன்றை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், அவ்வளவுதான் ஊர். சித்தப்பா அந்தத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து சித்தி உண்டாகியிருந்தாள். வண்டியில் குலுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவளைக் கீழே அழைத்துவர வழியில்லை. ஏழாம் மாதத்துக்குள் பிறந்த வீட்டார் பலகாரம் கொண்டுபோய் ஊட்ட வேண்டும். அவர்களுடைய தாய் உயிரோடில்லை. ஆகவே அந்த முறை அம்மாவுடையது. ஏழாம் மாதம் தொடங்கியும் விட்டது.

அப்பா நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். பாறசாலைச் சந்தைக்குப் போவதற்கே முந்தின நாள் மேகம் பார்ப்பார். மலை என்றதும் அவருக்கு உண்மையான சந்தோஷம் வந்தது. போவதில் அல்ல, போவதற்கு ஏற்பாடு செய்வதில்.

சாயங்காலந்தோறும் எங்கள் முற்றத்தில் ஆலோசனை நடந்தது. எங்கள் பக்கத்தில் மலைக்குப் போனவர் யாருமில்லை; அதனால் யோசனை சொல்ல எல்லோருக்கும் தகுதி இருந்தது. அட்டைக் கடிக்குப் புகையிலைத் தண்ணீர் என்றார் ஒருவர். சுண்ணாம்புதான் என்றார் இன்னொருவர். யானை வந்தால் என்ன செய்வது என்று அப்பா கேட்டார்.

"யானைக்கு நாம ஒண்ணும் செய்யண்டாம். அது செய்யிறதைப் பாத்துட்டு நிக்க வேண்டியதாக்கும்," என்றார் கிழக்கு வீட்டுப் பெரியப்பா. அவர் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அப்பாவை 'எலே' என்று கூப்பிட ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆள்.

வியாழக்கிழமை காலை நல்ல நேரம் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்தார். புதன்கிழமை அம்மா சிறுபயறு வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து, ஒரு பானை நிறைய முந்திரிக்கொத்து செய்து வாயைத் துணியால் கட்டினாள்.

வியாழக்கிழமை வண்டி வரவில்லை. வரச் சொல்லவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. மலையடிவாரத்திலிருந்து அம்மாவை மஞ்சல் கட்டி ஆள் வைத்துத் தோளில் தூக்கிப்போவதா, பொதிமாட்டில் ஏற்றுவதா என்று இன்னும் முடிவாகவில்லை; அது முடிவாகாமல் வண்டிக்குச் சொல்லி என்ன பயன் என்றார் அப்பா. ஆனால் நல்ல நேரத்தைக் கைவிடவும் அவருக்கு மனமில்லை. அதற்குத்தான் பரஸ்தானம் என்ற வழக்கம் இருந்தது. குறித்த நேரத்தில் ஆள் புறப்பட முடியாவிட்டால், அவருடைய பொருள் எதையாவது போகிற திசையில் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்தால் போதும். பயணம் தொடங்கியதாக அர்த்தம். ஆள் பிறகு சாவகாசமாகப் போகலாம். வைத்த பொருள் மட்டும் வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் பயணம் கெட்டது.

அப்பா மூட்டை கட்டச் சொன்னார். அம்மா கட்டினாள். நான் அப்போது பள்ளிப்படிப்பை முடித்து உத்தியோகத்துக்குக் காத்திருந்தேன். மூட்டையைக் கொண்டுபோய்ப் பெரியப்பா வீட்டில் வைத்தேன்.

சாயங்காலம் பத்திரிகை வந்தது.

"எட்டி, என் கண்ணாடி எங்க?"

"மலைக்குப் போயாச்சு," என்றாள் அம்மா.

"நான் இஞ்ச இருக்கேனே!"

"ஆரு சொன்னா? நீங்க காலத்தே பொறப்பட்டாச்சு. இப்ப கிழக்கு வீட்டில ஆக்கும் நிக்கிறிய."

அப்பா சட்டம் பழகியவர். பொருள் திரும்பி வரக் கூடாது என்றுதான் முறை. உடையவர் அதைப் போய்ப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். மூட்டையை அவிழ்த்துக் கண்ணாடியை மாட்டிக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். மறுபடி உள்ளே வைத்துக் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையிலேயே போனார். அங்கே காப்பியும் கிடைத்தது. மலைப்பயணம் இவ்விதம் சில நாட்கள் இதமாக நடந்தது.

"பயணம் ஒரே இடத்தில நிக்கப்பிடாது மக்கா," என்று அம்மா என்னிடம் சொன்னாள். "நீ அந்த மூட்டையை வைத்தியரு வீட்டில கொண்டு வச்சிட்டு வா."

வைத்தியர் வீடு இன்னும் கிழக்கே, குளத்தைத் தாண்டி. அப்பா குடையை எடுத்துக்கொண்டு அங்கும் போனார். பெரியப்பா வழியில் மறித்தார்.

"எலே, எங்க போற?"

"வாசிக்க."

"இப்பிடிப் போனா தலையங்கம் வாசிக்கத் திருவட்டாறு போவணும் நீ. விளம்பரத்துக்குக் குலசேகரம்."

வைத்தியர் வீட்டில் காப்பி கிடையாது, கஷாயம்தான். இருந்தும் அப்பா தளரவில்லை.

பிறகு நடந்ததில் தனக்குப் பங்கில்லை என்று அம்மா கடைசிவரை சொன்னாள். முழங்கால் வலிக்கு வைத்தியரைப் பார்க்க வந்த நல்லமிளகு வியாபாரி ஒருவர், மறுநாள் குலசேகரம் சந்தைக்குப் போகிறவர், மலைக்குப் போக வேண்டிய மூட்டையைக் கண்டு இரக்கப்பட்டுத் தம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் வந்த சமயத்தில் அம்மாவும் அங்கே இருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்று பத்திரிகையை நான் வாசித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார்.

"நீ வாசிச்சா எல்லாம் பொய்யாட்டு இருக்குலே," என்றார். "வண்டிக்காரனைக் கூப்பிடு."

விடியும் முன்னே வண்டி வந்தது. நானும் அப்பாவும் ஏறும்போது அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தாள், மடியில் பானையோடு.

குலசேகரத்தில் வியாபாரியின் கடையைக் கண்டுபிடித்தோம். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வந்த வழியைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். உச்சி தெரியாமல் மேகம் மூடியிருந்தது. ஏழாம் மாதத்தில் கொஞ்ச நாளே மிச்சமிருந்தது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி கிடைச்சாச்சு," என்றார் அப்பா. "மழைக்கோளு இருக்கு. இப்பத் திரும்பிப் போயி, நல்ல மஞ்சலுக்கு ஒரு ஏற்பாடு செய்துட்டு..."

சந்தை முடித்த தோட்டத்துப் பெண்கள் சிலர் கூடைகளோடு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.

"நீங்க ஏற்பாடு முடிச்சிட்டு வாருங்க," என்று திரும்பாமல் சொன்னாள்.

அப்பா என்னைப் பார்த்தார். வண்டிக்காரனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்தான். அப்பா மூட்டையை என் தலையில் ஏற்றிவிட்டு, குடையை விரித்து, அம்மாவின் பின்னால் நடந்தார்.

புகையிலைத் தண்ணீரும் சுண்ணாம்பும் வீட்டில் இருந்தன. அட்டைகள் எங்களை நிதானமாகக் கடித்தன. யானை வரவில்லை. இருட்டியதும் வழியிலிருந்த தோட்டக் கூலிகளின் லைன் வீடுகளில் தங்கிவிட்டு, மறுநாள் மேலே ஏறினோம்.

சித்தி வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரமாயிற்று. அம்மா முழங்கால் வரை சேறாக இருந்தாள்.

"எக்கா! நீ நடந்தா வந்த?"

"பின்னே, பறந்தா வருவாவ? உக்காரு."

கையைக் கழுவிவிட்டு அம்மா பானையின் துணியை அவிழ்த்தாள். ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துத் தங்கையின் வாயில் வைத்தாள். சித்தி கடித்துப் பார்த்தாள். மறுபக்கத்துப் பல்லால் முயன்றாள்.

"எக்கா, கல்லாட்டு இருக்கே!"

"உன் அத்தான்ட்ட கேளு. அவரு பொறப்பட எடுத்த நாளெல்லாம் அதுக்குள்ள உண்டு."

சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா வாசலில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி இருந்ததால் ஒன்றையும் விடவில்லை. சித்தப்பா கட்டன்காப்பி கொண்டுவந்தார். அம்மா முந்திரிக்கொத்தை அதில் முக்கி, ஊறுகிற வரைக்கும் பிடித்திருந்து, மறுபடி ஊட்டினாள்.

சித்தி விழுங்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

"இன்னும் ஒண்ணு."