விலாசம் இல்லாமல் பலெர்மோவுக்கு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எங்கே ர, எங்கே ற என்று இன்றும் குழம்புவேன். கையெழுத்தும் வரியை விட்டுச் சரிந்து போகும். இதைத் தட்டச்சு செய்பவர் பிழைகளைத் திருத்தி என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். கடந்த மார்கழியில் பல வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனபோது, பக்கத்து வளவில் இருக்கும் என் கூட்டாளியின் தாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவனும் நானும் ஒன்றாகத்தான் நாட்டை விட்டு வெளிக்கிட்டோம். அவன் தெற்கே பலெர்மோ நகரில் நின்றுவிட்டான். நான் வடக்கே வந்தேன்.

அவனுடைய தகப்பன் இறந்தபோது அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. பெர்மெஸ்ஸோ என்று அங்கே சொல்லும் வதிவிட அனுமதி கையில் இல்லாத நேரம். வெளிக்கிட்டால் திரும்பி உள்ளே வர முடியாது. மூத்த மகன் இருக்க, சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். அதற்குப் பிறகு என் கூட்டாளி வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவே இல்லை. அவனுடைய பழைய இலக்கமும் வேலை செய்யவில்லை.

"நீ ஒருக்கா அவனைக் கண்ணாலை பாத்திட்டு வந்து சொல்லு" என்றார் தாய். "இருக்கிறானோ இல்லையோ எண்டு தெரியாமல் நான் எப்பிடியடா கண்ணை மூடுறது?"

பங்குனியில் லீவு எடுத்து, மகளின் பழைய பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பலெர்மோவில் இறங்கினேன். விலாசம் இல்லாதவன் என்ன திட்டம் போடுவது? ஊர் சுற்ற வந்த இளம் பிள்ளைகள் தங்கும் அறையில் ஒரு மேல்கட்டில் கிடைத்தது. காலையில் அவர்களும் பையோடு வெளிக்கிட்டார்கள், நானும் வெளிக்கிட்டேன். அவர்கள் தேவாலயக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தார்கள். நான் எதிரே வருகிறவர்களின் முகங்களைப் பார்த்தேன்.

கபோ சந்தையில் மீன்காரர்கள் பாட்டுப் போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் நம்மூர்ப் பெண் ஒருவர் நின்றார். என்ன கேட்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி பின்னால் போனேன். அவர் திரும்பிப் பார்த்ததும் தக்காளியின் விலையைப் பார்ப்பவன் போல நின்றேன். அவர் போய்விட்டார். அந்த நாள் முழுவதும் இப்படியே போயிற்று. ஊரில் அந்தத் தாய் காத்திருக்க, நான் கூச்சத்தால் வாய் திறக்காமல் தெருத்தெருவாக நடந்தேன்.

மறுநாள் வுச்சீரியா என்ற இன்னொரு சந்தையில், ஒரு தேவாலயப் படியில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு. இனி என்ன சந்தேகம்? பக்கத்தில் போய் இருந்தேன். கூட்டாளி, தாய், கொள்ளி வைக்க முடியாமல் போனது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அறியாத மனிதரோடு அவ்வளவு நேரம் நான் கதைத்ததே இல்லை. அவர் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

நான் முடித்ததும் நெஞ்சில் கை வைத்து, "மொரீசியோ" என்றார். பிறகு கைகூப்பி, "முருகா" என்றார். அவ்வளவுதான் அவருடைய தமிழ். மொரீசியஸ்காரர். நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்கவில்லை. ஆனால் என் கண்ணைப் பார்த்திருந்தார். யாருக்கோ போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

"ஆர் கதைக்கிறது?" அவரோடு துப்புரவு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

"என்ன அண்ணை, திருநீறு பூசினவை எல்லாம் எங்கடை ஆக்கள் எண்டு நினைச்சியளோ? அந்த மனுசனுக்கு நான் பேசுற பேச்சே விளங்கிறேல்லை. சரி, ஆரைத் தேடுறியள்? எந்த ஊர்?"

சொன்னேன். சிரிப்பு நின்றது.

"இடது கால் கொஞ்சம் இழுத்து நடப்பாரே?"

"ஓம்."

"சியாகுல்லிக்குப் போங்கோ. அங்கை மந்தரினோத் தோட்டத்திலை நிக்கிறார். ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. நீங்கள் கூப்பிட்டாலும் திரும்புவாரோ தெரியாது."

பேருந்து ஊரின் ஓரத்தில் இறக்கிவிட்டது. அந்த வட்டாரம் முழுவதும் மந்தரினோ என்னும் சின்ன ஆரஞ்சு வகைத் தோடம்பழத்தின் வாசம். தோட்டத்தில் அவன் ஏணியில் நின்று கத்திரியால் பழம் வெட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் இறங்கவில்லை.

"அம்மா செத்துப்போனாவோ?" என்றான்.

"இல்லையடா."

அதற்குப் பிறகுதான் இறங்கினான். ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை இருத்திவிட்டு, தான் நின்றான்.

"நீ பாத்திட்டாய்தானே. இருக்கிறான் எண்டு சொல்லிவிடு, மச்சான்."

"நான் சொல்லமாட்டன். நீ சொல்லு."

"அப்பருக்குக் கொள்ளி வைக்காதவன். எந்த முகத்தோடை கதைக்கிறது?"

எனக்கு வாதாடத் தெரியாது. ஊரில் தாயோடு இருக்கும் அவனுடைய தங்கைக்கு வீடியோ கால் எடுத்து, போனை அவன் முன்னால் பிடித்தேன். அவன் ஏணிப் பக்கம் திரும்பினான். அதற்குள் தங்கை அவனைக் கண்டு கத்திக்கொண்டு தாயிடம் ஓடினாள். திரையில் தாய் வரவில்லை. ஒரு காதுதான் வந்தது. தோடு கழற்றிய, துளை நீண்ட காது.

"அம்மா, காதிலை வைக்காதேங்கோ, முன்னாலை பிடியுங்கோ! அண்ணையின்ரை முகம் தெரியுது!"

"சும்மா இரடி. சத்தம் கேக்கோணும்."

அவன் திரும்பிப் பார்த்தான். தன் முகம் தாய்க்குத் தெரியவில்லை என்பது அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். போனை என்னிடமிருந்து வாங்கினான்.

"அம்மா. நான்தான்."

காது அசையவில்லை.

"அப்பர் போகேக்கை உன்னைத் தேடேல்லையடா. அவருக்கு நினைவில்லை" என்றார் தாய். "நான்தான் தேடினனான்."

அவன் நிலத்தில் குந்தினான். போனை இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் காதோடு கதைக்கத் தொடங்கினான். நான் எழும்பி, அவன் விட்ட கத்திரியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

எழுதி முடித்தது: 2024 செப்டம்பர் 1, ஞாயிறு.