புள்ளத்தாச்சிங்க யாரும் உன்னைப் பார்க்க வர முடியல, புஷ்பம்

புஷ்பம் செத்துப்போயிட்டாள். தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த மலையில் குளவி கொட்டி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் போயிருச்சு.

நேற்று அடக்கம் முடிந்தது. எழுத வரமாட்டேங்குது. இருந்தாலும் எழுதுறேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு அவளுடையது. பகலில் மலைக்குப் போவாள். சாயந்தரம் வந்து கை கால் கழுவிட்டு, மாசமா இருக்கிற பொம்பளைங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு உடம்பு பிடிச்சு விடுவாள். ராகலைப் பக்கம் மற்றத் தோட்டங்களில் இருந்தும் கூப்பிட்டு அனுப்புவாங்க.

வந்ததும் அடுப்புக்கிட்ட போய்த் தன் கையைத்தான் முதலில் சூடு காட்டுவாள். "இந்தக் குளிர்ல சில்லுனு கைய வச்சா உடம்பு சுருங்கிக்கும் பெரியம்மா." விரலெல்லாம் கொழுந்துக் கறை. ஆனா அந்தச் சூடு...

வயிற்றில் மட்டும் கை வைக்க மாட்டாள். "அது மிட்வைஃப் மிஸ் பாக்குற எடம். எனக்கு இடுப்பு, முதுகு, காலு, கழுத்து. அதோட சரி."

ஆரம்பிக்கிறது தலையில். கொழுந்துக் கூடைக் கயிறு பதிகிற இடம் இருக்கே, அங்கே. என் பேத்தி தர்ஷினிக்கும் அப்படித்தான் செய்தாள்.

"ஏன்டி, எம் பேத்தி டீச்சரு. ஒரு நாளாச்சும் கூடை போட்டிருக்காளா? அங்க என்ன வலி இருக்கப்போகுது?"ன்னு கேட்டேன்.

"போடலன்னா என்ன பெரியம்மா... உங்க கழுத்துதானே அவளுக்கும்."

எங்க லயத்திலேயே ஏ லெவல் பரீட்சை பாஸ் பண்ணின முதல் புள்ள தர்ஷினி. அவ அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனதில் இருந்து நான்தான் வளர்த்தேன். பெருமையாத்தான் சொல்றேன்.

அந்தப் புள்ளைக்கு முதல் குழந்தை ஏழாம் மாசத்தில் வயிற்றிலேயே போயிருச்சு. இப்போ இது ரெண்டாவது. பயம்... யாரையும் தொட விடமாட்டாள். கிளினிக்கில் மிஸ் பார்க்கும்போதுகூட இறுகிப்போய்ப் படுத்திருப்பாள். புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். நான் முதுகைத் தடவப் போனால் "விடுங்க அம்மாயி"ன்னு தள்ளிப் படுத்துக்குவாள்.

நான்தான் புஷ்பத்தைக் கூப்பிட்டேன். வந்தவள் தர்ஷினி பக்கம் திரும்பக்கூட இல்லை. என் காலை இழுத்து மடியில் வச்சு எண்ணெய் போட ஆரம்பிச்சுட்டாள்.

"எனக்கு எதுக்குடி?"

"வாய மூடிட்டு இருங்க. உங்களுக்கு இது எத்தனாவது மாசம் பெரியம்மா?"

சுவர்ப் பக்கம் படுத்திருந்தவள்கிட்ட இருந்து ஒரு சிரிப்பு. எத்தனையோ நாளைக்கு அப்புறம்...

இப்படியே தினமும் வந்து என் காலைத்தான் பிடிச்சாள். ஒரு நாள் தர்ஷினியே பக்கத்தில் உட்கார்ந்து தன் காலை நீட்டினாள். புஷ்பம் என் காலை இறக்கி வச்சுட்டு அவள் காலை எடுத்துக்கிட்டாள்.

அதுக்கப்புறம் கதவு நிலையைப் பிடிச்சு மெதுவாக் குந்தி எழும்ப, மூச்சை இழுத்து விட... எல்லாம் பழக்கினாள்.

"வலி வந்தா பல்லக் கடிக்காத தங்கம். வாயத் தொறந்து கத்து. ராகலை டவுன் வரைக்கும் கேக்கணும்."

ரெண்டு பேரும் கத்திப் பழகின கத்தலில் பக்கத்து வீட்டு அண்ணன் வேலையை விட்டுட்டு ஓடி வந்தார். புஷ்பம் சொல்றாள், "ஒண்ணும் இல்லண்ணே, ரிகர்சல்."

வலி வந்ததும் நுவரெலியா ஆஸ்பத்திரி வரைக்கும் தானும் வர்றதா வாக்குக் கொடுத்திருந்தாள். "வேன்ல ஒவ்வொரு வளைவுக்கும் ஒன் இடுப்ப அழுத்திப் பிடிச்சுக்கிறேன். வார்டு கதவு வரைக்கும் நான். அதுக்கு அங்கிட்டு நீயும் ஒம் புள்ளையும்."

இந்த மாசக் கடைசிக்குத்தான் தேதி குடுத்திருக்காங்க.

மாசமா இருக்கிறவங்க சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, பிணத்தைப் பார்க்கக் கூடாது. எங்க பக்கம் அதில் எல்லாரும் கண்டிப்பு. நானும்தான்.

"ஒரே ஒரு தடவ அவங்க கையத் தொட்டுட்டு வந்துர்றேன் அம்மாயி."

"வேணாம்மா. புஷ்பமே இருந்தா ஒன்ன விடமாட்டா."

"அவங்க சொல்லல. நீங்கதான் சொல்றீங்க."

நான் வாசலை விட்டு நகரவில்லை. ஒரு புள்ளையை மண்ணுக்குக் குடுத்த வீடு இது. என்ன செய்யச் சொல்றீங்க?

கடைசியில் அவளே உள்ளே போய்ப் படுத்துட்டாள். நான் கதவைச் சாத்திட்டுப் போனேன்.

போய்ப் பார்த்தால்... முகமெல்லாம் வீங்கி, அவள்தான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

பொட்டியைத் தூக்கிக்கிட்டு லயத்து வழியாத்தான் வந்தாங்க. தப்பு மேளச் சத்தம் முன்னால். போகிற வழியெல்லாம் ஜனம் வாசலில் நிற்குது. அங்கங்கே சில கதவு மட்டும் சாத்திக் கிடந்தது.

எந்தக் கதவு சாத்தியிருக்கோ, அந்த வீட்டுக்குள்ள அவள் கை பட்ட புள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கிறாள்னு அர்த்தம். அவளுக்காக ரொம்ப அழ வேண்டியவங்க எல்லாம் உள்ளே.

எங்க வீட்டுக் கதவும்தான்.

திரும்பி வந்து குளிச்சுட்டு உள்ளே போனேன். தர்ஷினி அழவில்லை. மறுபடி அந்த உடம்பு அப்படியே இறுகிப்போய்க் கிடக்குது.

"வலி வந்தா யாரு அம்மாயி வருவா?"ன்னு கேட்டாள்.

நான் வர்றேன்னு சொன்னேன்.

"ஒங்களுக்கு வேன்ல ஏறினாலே வாந்தி வரும்."

உண்மைதான்.

போம்மா புஷ்பம்... உன்னை வழியனுப்ப எங்களை மாதிரி கெழவிங்கதான் வந்தோம். கோவிச்சுக்காத.