அந்த எட்டுப் பக்கத்தை யார் அடிப்பது?

“…மத்ததெல்லாம் முடிச்சிட்டேன் சார். அந்த எட்டு பக்கத்த மட்டும் நான் அடிக்க மாட்டேங்க.”

சொன்னவர் மலர்க்கொடி. விக்கிரமங்கலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து அரியலூர் வந்து, ஓர் அச்சகத்தில் டைப் செய்பவர். நான் இன்னும் பேனாவில்தான் எழுதுகிறேன் – உங்களுக்குத் தெரியுமே. என் கிறுக்கலைத் தடுமாறாமல் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். என் முதல் நாவல் அவர் கையில் இருந்தது. வெளியீடு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அழைப்பிதழே கொடுத்தாகிவிட்டது.

அந்த எட்டுப் பக்கத்தில் என்ன? சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை மேஸ்திரி அடைத்து வைத்துச் சித்திரவதை செய்கிறான். எதையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். மறைத்துச் சொன்னால் அது என்ன கொடுமை?

அச்சக முதலாளிக்கு வேறு கவலை. அச்சிட்டவர் பெயரையும் புத்தகத்தில் போட வேண்டுமே, நாளைக்குக் கேஸ் என்று வந்தால் தன் கதவையும்தானே தட்டுவார்கள் என்றார். கற்பனைக்கு எல்லை போட ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். மேடைகளில் வருஷக்கணக்காகச் சொல்வதுதான்... வாய் தானாக ஓடியது. கடைசியில் அவர், ஏதோ செய்யுங்கள் என்று தலையாட்டிவிட்டார்.

மலர்க்கொடி அசையவில்லை.

“ஏம்மா, நீயுமா தடை போடற?”

“தடையெல்லாம் நான் எங்க சார் போட்டேன்? புக்கு வரட்டும். படிக்கிறவங்க புடிக்கலன்னா நாலு பக்கத்த தள்ளிட்டுப் போயிடுவாங்க. நான் ஒவ்வொரு எழுத்தா அடிக்கணும்ல? ரெண்டு பக்கம் அடிச்சுப் பாத்துட்டு அழிச்சிட்டேன். வூட்டுக்குப் போனா சோறு எறங்கல.”

சென்சார், போலீஸ், கோர்ட் – எல்லோருக்கும் பதில் வைத்திருந்தேன். டைப் அடிக்கிறவருக்கு? யோசித்ததே இல்லை. ‘மாட்டேன்’ என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லையென்று எந்த மேடையில் போய்ப் பேசுவேன்? சரி, வெட்டிவிடலாமா? வெட்டினால் அந்தச் சுரங்கத்துப் பெண்ணின் வாயை நானே பொத்திய மாதிரி ஆகாதா? உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“அப்ப யாருதாம்மா அடிக்கிறது?”

மலர்க்கொடி எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினேன். அரை மணி நேரத்தில் அரைப் பக்கம். அந்தச் சுரங்கத்துப் பெண் கத்துகிற இடம் வந்தது. விரல் நின்றுவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மலர்க்கொடி என் தாள்கள் பறக்காதபடி அவற்றின் மேல் ஸ்கேலை வைத்துவிட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பினார்.