அறுதலிக்கு ஆண்பால்

எங்கள் சித்தியைப் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். இல்லாத ஒரு வார்த்தையைக் கேட்டாள் என்பதுதான் அவள் செய்த குற்றம்.

இது இப்போது ஞாபகத்துக்கு வந்ததற்கு என் மகள்தான் காரணம். அவள் பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் வைத்திருக்கிறார்கள். பெண்களைத் தாழ்த்துவது மனமா, மொழியா என்று தலைப்பு. அவளுக்கு மொழி அணி. “ஒரு பாயிண்ட் சொல்லும்மா” என்று இரண்டு நாளாக என் பின்னாலேயே திரிகிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். நான் ஏதாவது சொல்லி, அதை இவள் மேடையில் சொல்லி, நாலு பேர் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சித்தி கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “இதுல பாயிண்ட் எங்கம்மா இருக்கு?” என்று எழுந்து போய்விட்டாள். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சித்தப்பா கல்யாணமான மறுவருஷமே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் ஊர் சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகிற பக்கம். விடிந்ததும் ரேஷன் கடை முன்னால் வேன் வந்து நிற்கும். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிப் போவார்கள். சித்திக்குச் சரம் பின்னுகிற வேலை. சின்னச் சின்ன வெடிகளை நூலில் கோத்து நீளமாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். அவள் விரல் ஓடுவதைப் பார்த்தால் தலைப்பின்னல் போடுகிறாளோ என்று இருக்கும்.

அறுதலி என்றால் தாலி அறுத்தவள். புருஷனை இழந்தவளை எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். அதை ஒரு வசவு என்றுகூட யாரும் தனியாக நினைத்ததில்லை. குழாயடியில் குடம் உருட்டும்போது புருஷன் உயிரோடு இருப்பவளையும் அப்படித்தான் வைவார்கள். முட்டையைக் கண்ட இடத்தில் இட்டுவைக்கும் எங்கள் கோழியை சித்தியே, “ஏ அறுதலி, எங்கன போய் வச்சுட்டு வந்த?” என்று விரட்டுவாள். கோழி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அன்றைக்கு சித்தி தண்ணீர் பாட்டிலை மறந்து போய்விட்டாள். எடுத்துக்கொண்டு ஓடினேன். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். சித்தி முதல் ஆளாக ஏறி முன் சீட்டில் இருந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். போர்மேன் வந்தார். வழக்கமாகக் காக்கிச் சட்டையில் வருகிறவர் அன்று வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. அவர் மனைவி இறந்து வருஷம் திரும்பவில்லை. ஆளை எண்ணி வேலையில் உட்காரவைத்துவிட்டு, மத்தியானம் சாத்தூரில் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. கதவைத் திறந்தவர் சித்தியைப் பார்த்ததும் காலைப் பின்னால் எடுத்துவிட்டார்.

“ஏம்ப்பா, நல்ல காரியத்துக்குப் போற அன்னைக்கி இந்த அறுதலி மொகத்துலயா முழிக்கணும்? மொத ஆளா வந்து உக்காந்துக்கிருது பாரு.”

சித்தி பதறவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“அண்ணாச்சி, புருசன் போனதால நான் அறுதலி. ஒங்களுக்கும் மதினி போய்ச் சேந்துட்டாக. அப்ப ஒங்களைய என்னன்னு சொல்ல?”

டிரைவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர், “அவர மாப்பிள்ளன்னு சொல்லணும்க்கா” என்றார். அவ்வளவுதான். வேனே குலுங்கிச் சிரித்தது. போர்மேனுக்கு முகம் கறுத்துவிட்டது.

“எறங்கு. நாளையிலேருந்து வர வேண்டாம்.”

சித்தி இறங்கினாள். சிரித்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே வேறு பக்கம் பார்த்தார்கள். வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனதும் சித்தி என்னிடம், “தண்ணியக் குடு, தொண்ட காயுது” என்றாள்.

வீட்டில் அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். அவர் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் அடிக்கிறவர். எதையும் கட்டம் போட்டுப் பேசுவார். போர்மேன் சொன்னது வாய் தவறி வந்தது. சித்தி சொன்னது வாய்க்கொழுப்பு. ஒரே வேனில், ஒரே நிமிஷத்தில் பேசிய இரண்டு வாய்களில் ஒன்று மட்டும் எப்படித் தவறியது, இன்னொன்றில் மட்டும் எப்படிக் கொழுப்பு ஏறியது என்று நான் யோசித்தது வாஸ்தவம். கேட்கத் தைரியம் இல்லை.

அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணனான மாமாவுக்குப் போன் போயிற்று. வேலை இல்லையென்றால் சித்தி எம். புதுப்பட்டிக்கு அவர் வீட்டுக்கு வந்துவிடட்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். அன்று பாத்திரம் கழுவும்போது சித்தி ஒரு கிண்ணத்தையே வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமா வீட்டில் ஏற்கெனவே சில மாதம் இருந்து பார்த்தவள் அவள். நானும் அவளும் ஒரே பாயில் படுக்கிறவர்கள். அவள் போய்விட்டால் என் பக்கத்தில் யார் படுப்பார்கள் என்ற கவலை எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

சித்தி கேட்டது விடுகதை, விடை தெரியாததால்தான் போர்மேனுக்குக் கோபம் வந்தது என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். எனக்கும் கணக்கு வாத்தியார் கேட்டு விடை தெரியாதபோது அப்படித்தான் முகம் கறுக்கும். விடையைக் கண்டுபிடித்து அவரிடம் கொடுத்துவிட்டால் சித்தியை வேனில் ஏற்றிக்கொள்வார். அறுதலிக்கு ஆண்பால் என்ன? அவ்வளவுதானே விஷயம்.

முதலில் பெரியப்பா மகனைக் கேட்டேன். எங்கள் தெருவிலேயே வசவில் கெட்டிக்காரன் அவன்தான். ஆம்பளையை வைகிற வார்த்தையாகச் சொல்லு என்றதும் குஷியாகி வரிசையாக எடுத்துவிட்டான். அவற்றை இங்கே எழுத முடியாது. ஆனால் கேட்கக் கேட்க எனக்குக் குழப்பமாகிவிட்டது.

“ஏண்ணே, இது பூராம் அம்மாவையில்ல வையுது?”

“ஆமா.”

“ஆம்பளைய வையிறதச் சொல்லச் சொன்னா?”

“ஏ கூறுகெட்டவளே, அம்மாவ வஞ்சாத்தான் ஆம்பளைக்கிக் கோவம் வரும்.”

“அப்ப அம்மாவுக்கு?”

அவன் யோசித்தான். அது அவனுக்குத் தோன்றியதே இல்லை போலிருக்கிறது. அம்மாவை விட்டு வேறு சொல்லு என்றேன். அக்காவுக்குப் போனான். அதையும் விடு என்றால் பெண்டாட்டி. எல்லாரையும் விடச் சொன்னதும் வெகுநேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, “பொட்டப்பயலே” என்றான். அதற்கு மேல் அவனிடம் சரக்கு இல்லை.

பலசரக்குக் கடை பாயிடம் கேட்டேன். அவர் மனைவியும் தவறிப்போனவர் என்பது கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கோபிக்கவில்லை. பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, “என்னைய யாரும் ஒண்ணும் சொல்லலையேத்தா” என்றார். பொட்டலத்தை என்னிடம் நீட்டியவர் விடாமல் பிடித்துக்கொண்டு, “பாவம்னுதான் சொன்னாக” என்றார்.

பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். குரலை உயர்த்தவே தெரியாது. “மனைவியை இழந்தவர்” என்றார். அது வசவு இல்லையே டீச்சர், ஒரு வார்த்தையாக வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்காமல் கொஞ்சநேரம் நெற்றியைத் தடவிவிட்டு, பழைய தமிழில் தபுதாரன் என்று ஒன்று உண்டு, இப்போது யாரும் சொல்வதில்லை என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வழி முழுக்க தபுதாரன், தபுதாரன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தால் விழுந்துவிடுமோ என்று எதிரே வந்தவர்களிடம்கூடப் பேசவில்லை.

மறுநாள் மாலை மாமா வந்தார். அப்பாவும் அவரும் சித்தியைக் கூட்டிக்கொண்டு போர்மேன் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார்கள். கம்பெனி ஆளிடம் பகை வேண்டாம் என்று அப்பாவுக்கு. நான் சித்தி சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விட்டேன். போர்மேன் வீடு நிறையச் சிரிப்பாக இருந்தது. சாத்தூர்ப் பெண்ணை முடிவு செய்துவிட்டார்களாம். எங்களுக்கும் ஆளுக்கொரு சேவுப் பொட்டலமும் லட்டும் வந்தது. சித்தி லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப எம் மொகம் ராசியாத்தான் இருந்திருக்கு” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அம்மா கூட வந்திருந்தால் தொடையில் கிள்ளியிருப்பாள்.

“சின்னப்புள்ள, வாய்க்கொழுப்புல பேசிருச்சு” என்று மாமா ஆரம்பித்தார். வார்த்தையைச் சொல்கிற நேரம் தவறிவிடக் கூடாது. முன்னால் போய் நின்று கத்திவிட்டேன்.

“ஒங்களுக்குப் பேரு தபுதாரன்! டீச்சர் சொன்னாக!”

போர்மேன் காதைத் திருப்பினார். “என்னது? தபால்காரனா?”

வீடே சிரித்தது. அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏப்பா, எனக்குத் தபாலாபீசுல வேல போட்டுட்டாகப்பா” என்று உள்ளே கல்யாண வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்ச் சொன்னார். நான் தபுதாரன் என்று திரும்பச் சொன்னேன். யாருக்கும் சுடவில்லை. அத்தனை பத்திரமாகக் கொண்டுவந்த வார்த்தை இப்படி நமத்துப்போன வெடியாகிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்திருந்தாள்.

சிரித்த சிரிப்பில் அவர் மனசு இளகிவிட்டது. “சரி, வரட்டும். சீசன்ல ஆள் வேணும். ஆனா ஒண்ணு. கடைசி ஆளா ஏறணும். எல்லாரும் ஏறி உக்காந்த பெறகு ஏறட்டும். நாலு பேரு மொகத்தப் பாத்துட்டா அப்பறம் தோசமில்ல.”

அப்பாவும் மாமாவும் உடனே தலையாட்டினார்கள். சித்தி கொஞ்சம் தாமதித்துத் தலையாட்டினாள். எம். புதுப்பட்டி போக வேண்டாம் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

விடிந்ததும் சித்தியோடு நானும் ரேஷன் கடைக்குப் போனேன். அவள் கடைசி ஆளாக ஏறுகிறாளா என்று பார்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. சித்தி கூட்டத்துக்குப் பின்னால் போய் ஒதுங்கி நின்றாள். வேன் வந்தது. கதவு திறந்தது. போர்மேன் முன்னால் இருந்தபடி கண்ணாடியில் பார்த்தார்.

ஒருத்தியும் ஏறவில்லை.

“ஏறுங்க மதினி.”

“நீ ஏறு புள்ள, எனக்குச் செருப்பு வாரு அந்துபோச்சு.”

“நான் கடைசியா ஏறிக்கிருதேன், ஜன்னல் பக்கம் காத்து ஒத்துக்கிறாது.”

“அக்கா ஏறட்டும், நாம பெறகு ஏறுவோம்.”

“அய்ய, நான் எப்பவும் கடைசிதான்.”

டிரைவர் ஆரன் அடித்தார். ஒருத்தி குனிந்து செருப்பைப் பார்த்தாள். ஒருத்தி தூக்குச்சட்டி மூடியைத் திறந்து மூடினாள். குழாயடியில் சித்தியை அறுதலி என்று வைதவளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். அவள் தலைமுடியை அவிழ்த்து முதலிலிருந்து கொண்டை போட ஆரம்பித்தாள். வேன் வாய் திறந்தபடி உறுமிக்கொண்டு நின்றது.

எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. ஆள் ஏறப் பயப்படுகிற வேனில் என்ன இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே வெடிமருந்து கொட்டிக்கிடக்கிறது. இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே சொல்லப் பயந்து செருப்பையும் கொண்டையையும் சாக்குச் சொல்கிறார்கள்.

“மணியாகுதுல்ல!” என்று போர்மேன் இறங்கி வந்தார். எல்லாரையும் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. “சரி, யாரு வேணும்னாலும் மொதல்ல ஏறித் தொலைங்க” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். நடுவில் சித்திக்கு வழி கிடைத்தது.

நான் ஓடிப் போய் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “ஏறாத சித்தி, உள்ள என்னமோ இருக்கு! அதான் யாரும் ஏற மாட்டேங்காக! ஒன்னைய மட்டும் மொதல்ல ஏத்துறாக சித்தி!” என்று அலறினேன். கொண்டை போட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சித்தி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டுவிட்டு, முதல் ஆளாக ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பார்த்தபடி, எப்போது சத்தம் கேட்கும் என்று ரேஷன் கடை வாசலிலேயே காத்திருந்தேன்.