சூரியனுக்கு அடைத்த பின்ஹோல்

எனக்குச் சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போயும்விடும். ஆனால் 2004இல் எம்.எஸ்ஸி. நேர்முகத் தேர்வுக்காகக் கோவை கிளம்பிய காலையில் என் தாய்மாமன்மேல் வந்த கோபம், பஸ் அவிநாசி தாண்டியும் இறங்கவில்லை.

அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். "சீட்டுக் கெடச்சாப் போ கண்ணு. இல்லீன்னா மாமன் பட்டறைல உக்காந்து ஆர்டரைப் பாரு. ரெண்டாம் பேச்சே கெடையாது." வேலம்பாளையத்தில் பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பட்டறை மாமாவுடையது. எனக்கோ இயற்பியல்தான் உயிர்.

தேர்வில் என் பி.எஸ்ஸி. புராஜெக்ட்டைக் காட்ட வேண்டும். முந்தின வருஷம் தீபாவளியை ஒட்டிச் சூரியன் வெடித்த வெடி இருக்கிறதே, அப்பப்பா! பூமியிலிருந்து சூரியன் பக்கமாகப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு விண்கலம் அதைப் படம் பிடித்து அனுப்பியது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மூன்று படங்களை இறக்கி வைத்திருந்தேன். வெயில் கூசினால் நாம் கையை வைத்து மறைப்போமே, அதுபோல் கேமராவுக்குள் ஒரு தட்டு சூரியனை மறைத்திருக்கும். முதல் படத்தில் எல்லாம் அமைதி. இரண்டாவதில் தட்டைச் சுற்றிப் பெரிய மேகம் கிளம்புகிறது. மூன்றாவதில் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். வெடிப்பு கிளப்பிய துகள்கள் கேமராவிலேயே வந்து மோதிய தடம் அது. மேகம் பூமிக்கு வந்து சேரக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆனது. துகள்கள் அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டன. என் புராஜெக்ட்டே அந்தப் புள்ளிகளை நம்பித்தான் இருந்தது.

"காயிதத்துலயா கொண்டு போற? திருப்பூர்ப் புள்ள துணில கொண்டு போ சாமி" என்றார் மாமா. அவசர ஆர்டர் ஒன்றை ஓரங்கட்டிவிட்டு, கறுப்புத் துணியில் வெள்ளை மையால் அச்சடித்து, இஸ்திரி போட்டு, பாலித்தீன் பையில் வைத்துக் கொடுத்தார். கிளம்பும் நேரத்தில்தான் விரித்துப் பார்த்தேன். மூன்றாவது படம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"புள்ளியெல்லாம் எங்கீங்க மாமா?"

"ஸ்கிரீன் பூராப் பின்ஹோலு கண்ணு. நேத்துப் பகல் பூராக் குத்தவெச்சு ஒண்ணொண்ணா அடைச்சனாக்கும். ஒரு பொட்டு இருக்குதா பாரு!"

ஸ்கிரீன் என்பது மை இறங்கும் அச்சு வலை. அதில் வேண்டாத இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் துணியில் பொட்டு விழும். ஆர்டர் கொடுத்த பையர் சரக்கையே திருப்பிவிடுவான். அதனால் மருந்து தொட்டு அடைப்பது பட்டறை வழக்கம்.

"அய்யோ, எம் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். வேறு ஸ்கிரீன் போட நேரமில்லை. மாமா ஒன்றும் புரியாமல், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கூடவே பஸ்ஸில் வந்தார்.

தேர்வறையில் துணியை விரித்ததும் பேராசிரியை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். "மூணாவது படத்துல பனி பெய்ஞ்ச மாதிரி இருக்கணுமே?"

நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "சூரியனைத் தெளிவாப் பார்க்க நாங்களும் அந்தப் புள்ளியெல்லாம் கம்ப்யூட்டர்ல அழிக்கிறதுண்டும்மா. உங்க மாமா கையால அழிச்சிருக்கார். சரி, அழிச்சதுல என்ன நஷ்டம்? அதைச் சொல்லு."

"சூரியன் தெரியும் மேடம். அது கிளப்பின புயல் நம்ம பக்கம் வந்துட்டது தெரியாது." அதன்பிறகு என்னை யாரால் நிறுத்த முடியும்? அந்த நாட்களில் கோளாறான செயற்கைக்கோள்கள், பாதை மாற்றிய விமானங்கள், சுவீடனில் கரண்ட் போன ஊர் என்று மூச்சுவிடாமல் பேசினேன். சீட்டு உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வேப்பமரத்தடியில் காத்திருந்த மாமாவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நா அடைச்சதெல்லாம் சூரியன்ல இருந்து வந்ததா? அடக் கொடுமையே, சூரியனுக்கே பின்ஹோல் அடைச்சுப் போட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒழுங்காக அச்சடித்திருந்தால் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருப்பார்களா? மருமகளின் சூரியனுக்காகப் பையரையே காக்கவைத்த மனுஷன் அவர். நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அடுத்த வாரமே ஒரு பொட்டு விடாமல் புதிதாக அச்சடித்துக் கொடுத்தார். அப்பா அதை வரவேற்பறையில் மாட்டினார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், பனியன் கம்பெனிக்காரர், மூன்றாவது படத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பிரிண்டிங் டேமேஜுங்களா?" என்று கேட்டார்.

"டேமேஜ் இல்லீங்க" என்றார் அப்பா. "சூரியன்ல இருந்து வந்த பொட்டுங்க. எம்புள்ள படிக்கிறது அதையத்தானுங்க."