பன்னிரண்டு வயசுப் பால்பல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. ஜொகூரில் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்போது எனக்கு ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. ஆனால் தோட்டத்துப் பேரேட்டில் எனக்குப் பன்னிரண்டு! ஒரே நாளில் நாலைந்து வயசு கூடிய அதிசயப் பிறவி நான்.

பத்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது. தோட்டத்திலோ ஆள் போதவில்லை. கங்காணி என்ன செய்தார்? எங்களைப் போன்ற பொடிசுகளுக்கு இஷ்டத்துக்கு வயசைச் சொல்லிப் பேர் ஏற்றிவிட்டார். மரத்துக்கு மரம் போய், பால் வடியும் மங்குக் கிண்ணத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் கட்டிப்பாலை உரித்துக் கூடையில் சேர்ப்பது என் வேலை. அந்த நாற்றம் சோற்றிலும் வரும். கூடையோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போது, உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் அ, ஆ சொல்வது கேட்கும். எனக்குப் பொறாமையில் வயிறு எரியும்.

அம்மாவுக்கும் என்னைப் படிக்கவைக்க ஆசைதான். ஆனால் அப்பா காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். எங்களை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கூட்டிவந்தவரே அந்தக் கங்காணிதான். அவரைப் பகைத்துக்கொண்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு போய்விடும் என்று அம்மா பயந்துகொண்டே இருந்தாள்.

ஒருநாள் லேபர் ஆபீஸ் துரை வரப்போவதாகச் செய்தி வந்தது. கங்காணி எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். "தொரை கேட்டா எல்லாரும் பன்னெண்டுன்னு சொல்லணும். வேற ஒண்ணும் பேசக்கூடாது, தெரியுதா?" நானும் இரண்டு நாள் மனப்பாடம் செய்தேன். பன்னிரண்டு என்றால் எத்தனை என்றுகூட எனக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

துரை வந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். வெள்ளைக்காரர்தான், ஆனால் பரீட்சை எழுதித் தமிழ் படித்தவர். அத்தனையும் புத்தகத் தமிழ்! என் முன்னால் குனிந்து, "குழந்தாய், உன் வயது யாது?" என்றார். என் காதில் 'யாரு' என்று விழுந்ததால் திருதிருவென்று முழித்தேன். கங்காணி தொண்டையைச் செருமினார். உடனே ஞாபகம் வந்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து "பன்னெண்டு!" என்று கத்தினேன்.

ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்த என் முன்பல், அந்தக் கத்தலில் கழன்று துரையின் பூட்ஸ் மேல் போய் விழுந்தது.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். துரை பல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பன்னிரண்டு வயதில் இந்தப் பல் விழுமா?" என்று கங்காணியைக் கேட்டார்.

கங்காணி லேசுப்பட்டவரா? "கரும்பக் கடிச்சு ஒடச்சிருக்கும் தொரை. வயசு பன்னெண்டுதான். வேணும்னா அவ ஆத்தாளயே கேளுங்க" என்று சொல்லி அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா பால் வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு தங்கும். ஆனால் எனக்குக் கூடைதான் கதி.

"ஏழு முடிஞ்சு எட்டு நடக்குதுங்க தொரை" என்றாள் அம்மா. "பெத்தவ எனக்குத் தெரியாதுங்களா?"

குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் பிரட்டுக்களம் முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டு அக்கா, "எம்மவனுக்கு ஒம்பதுங்க!" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "எம்பொண்ணுக்கும் எட்டுதாங்க!" என்றாள். அப்புறம் யார் வாயையும் மூட முடியவில்லை. கங்காணியின் முகத்தில் ஈயாடவில்லை. பேரேட்டோடு நின்ற தோட்டத்து எழுத்தர் கிராணி அங்கேயே பேனாவை எடுத்து எங்கள் பேர்களை அடித்தார். "இக்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புக. வீட்டை விட்டு எவரையும் வெளியேற்றலாகாது" என்று துரை உத்தரவு போட்டார். அந்தத் தமிழ் எல்லோருக்கும் நன்றாகவே புரிந்தது!

மறுநாள் கூடை இல்லாமல் வெறுங்கையோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். ராணி மாதிரி நடந்தேன் என்று அம்மா பிற்பாடு சொல்லிச் சிரிப்பாள். கங்காணி சும்மா விடுவாரா? மாதக்கணக்கில் அம்மாவுக்கு மலைச்சரிவு மரங்களையே பால் வெட்டக் கொடுத்தார். "ஏறி எறங்கிட்டுப் போறேன், இப்ப என்ன?" என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அதே ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். குழந்தைகள் உரிமைக்கான உலக ஒப்பந்தத்தில் நம் மலேசியாவும் சேர்ந்தபோது, அந்தச் செய்தியைப் பேப்பரில் நானே வரி விடாமல் படித்தேன். நான் கூடை தூக்குவதற்குச் சில வருஷம் முன்பே, பிள்ளைகளைச் சுரண்டக்கூடாது என்று பல தேசத்தார் ஜெனீவாவில் கூடி அறிவித்துவிட்டார்களாம். நல்ல காரியம்தான். ஆனால் எங்கே கூடி எதை எழுதினாலும், எங்கள் தோட்டத்தில் அது சட்டமானது என் அம்மா வாயைத் திறந்த அந்தக் காலையில்தான்.